நிறம் போனால் மட்டும் போதாது: சாயத்தண்ணீரைப் பாக்டீரியாவைக் கொண்டு சுத்திகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் வடசேரியும் இரணியலும் தறிச் சத்தத்துக்குப் பெயர்போன ஊர்கள். நூலுக்குச் சாயம் ஏற்றியபின் மிஞ்சுகிற தண்ணீர் இந்த மாவட்டத்தில் அளவில் குறைவுதான். திருப்பூரோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் நம்முடைய ஓடைகளும் குளங்களும்கூடச் சிறியவை. நாகர்கோவிலைத் தொட்டு ஓடி மணக்குடியில் கடல் சேரும் பழையாறு நீளமான ஆறு கிடையாது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களில் பறவைகள் வந்து இறங்குகின்றன. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, நொய்யலில் வந்த சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறிப்போனதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் நாம் பார்த்தோம். அளவு சிறியதாக இருக்கும்போதே வழி தேடுவது நல்லது.

நுண்ணுயிரியல் படிக்கிற கல்லூரி மாணவர்களையும், சிறிய அளவில் நூலுக்குச் சாயம் போடுகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முதல் பாதி ஆய்வகத்துக்கானது. பட்டறைக்காரர்கள் அதை ஒருமுறை வாசித்துவிட்டு டிரம் பற்றிய பகுதிக்குப் போகலாம்.

பாக்டீரியா என்ன செய்கிறது

பருத்தி நூலோடு வேதிப்பிணைப்பில் ஒட்டிக்கொள்ளும் ரியாக்டிவ் சாயங்களில் பெரும்பாலானவை அசோ சாயங்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கைகோத்து நிற்பதுதான் அசோ பிணைப்பு. நிறத்துக்குக் காரணமும் அதுதான். அந்தப் பிணைப்பு அறுந்தால் நிறம் போய்விடும். அறுக்க நான்கு எலக்ட்ரான்கள் வேண்டும். பாக்டீரியா தான் தின்ற உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரானை அசோரிடக்டேஸ் என்ற நொதியின் வழியாகச் சாயத்துக்குக் கொடுக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். ஒன்று, பாக்டீரியாவுக்குத் தனியாக உணவு வேண்டும். சாயத்தை மட்டும் தின்று வாழும் பாக்டீரியா மிக அரிது. இன்னொன்று, பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் எலக்ட்ரான் அதற்குத்தான் போகும். சாயம் அப்படியே கிடக்கும். ஆகவே குடுவையைக் குலுக்காமல் அசையாமல் வைக்க வேண்டும். ஷேக்கரில் வைத்துவிட்டு ஏன் நிறம் போகவில்லை என்று தவிக்கிற மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

பிணைப்பு அறுந்தபின் மிஞ்சுவது அரோமேட்டிக் அமீன்கள். இவற்றுக்கு நிறம் கிடையாது. ஆனால் இவற்றில் பல மூலச் சாயத்தைவிட நச்சு அதிகமானவை, சில புற்றுநோய் உண்டாக்குபவை. இவற்றைச் சிதைக்க, இப்போது நேர்மாறாக, ஆக்சிஜன் வேண்டும். ஆக, வேலை இரண்டு கட்டம்: காற்றில்லாமல் நிறத்தை எடுப்பது, காற்றோடு நஞ்சை எடுப்பது. முதல் கட்டத்தோடு நிறுத்தினால் கண்ணுக்குத் தெரிந்த கேட்டைக் கண்ணுக்குத் தெரியாத கேடாக மாற்றியதுதான் மிச்சம்.

எந்தச் சாயத்தை எடுப்பது

பழகுவதற்கு மெத்தில் ஆரஞ்சு போதும். கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலேயே கிடைக்கும், சீக்கிரம் நிறம் இழக்கும். நிஜமான துணிச் சாயம் வேண்டுமென்றால் ரியாக்டிவ் பிளாக் 5. உலகம் முழுக்க மிக அதிகமாகப் புழங்கும் கறுப்புச் சாயங்களில் இதுவும் ஒன்று. காங்கோ ரெட் வேண்டாம். அது உடைந்தால் பென்சிடின் வரும். பென்சிடின் புற்றுநோய் தருவது உறுதியான விஷயம். பழைய ஆய்வேடுகளில் அது நிறைய வருகிறது என்பதற்காக நாமும் எடுக்க வேண்டியதில்லை.

வாட் சாயங்களும் இண்டிகோவும் வேறு சாதி. தண்ணீரில் கரையாதவை, அசோ பிணைப்பும் கிடையாது. இங்கே சொல்லும் முறை அவற்றுக்குப் பொருந்தாது.

சேறு எங்கே எடுப்பது

இந்த மாவட்டத்தில் இருப்பவர்களுக்குக் கிடைத்த வசதியே இதுதான். சாயப்பட்டறை ஓடையில் மட்டும் தேட வேண்டும் என்பதில்லை. சாயத்தண்ணீரில் இருக்கிற தொல்லைகளுக்கு ஏற்கெனவே பழகிய பாக்டீரியாக்கள் நம் ஊரில் வேறு இடங்களிலும் இருக்கின்றன.

முதலாவது, கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போடும் குழி. காயலோரத்தில் தேங்காய்க் கதம்பையை மாதக்கணக்கில் தண்ணீரில் அமுக்கி வைப்பார்கள். நாரைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டினைப் பாக்டீரியா தின்று தீர்த்தபிறகு நார் தானாகக் கழன்று வரும். அடியில் கறுத்த சேறு, அழுகிய முட்டை வாடை, ஆக்சிஜன் சுத்தமாக இல்லாத நிலை. கதம்பையிலிருந்து இறங்கும் டேனினும் பீனால் வகைகளும் தண்ணீரையே பழுப்பாக்கிவிடும். காற்றில்லாமல் வாழவும், வளையங்கொண்ட கரிமச் சேர்மங்களைத் தாங்கவும் பழகிய கூட்டம் அங்கே தயாராக இருக்கிறது.

இரண்டாவது, புத்தளம், சாமிதோப்பு பக்கத்து உப்பளங்கள். ரியாக்டிவ் சாயம் நூலில் ஏற லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறார்கள். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். சாதாரண மண் பாக்டீரியாவை இந்த உப்பில் போட்டால் சுருண்டுவிடும். உப்பளத்து வரப்புச் சேற்றில் இருப்பவை இதையே வாழ்க்கையாகக் கொண்டவை. ஹாலோமோனாஸ் போன்ற உப்பு விரும்பும் இனங்கள் அசோ சாயத்தின் நிறத்தை எடுப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எந்த இடத்துக்கு முதலில் போவது என்று என்னைக் கேட்டால் உப்பளம் என்றுதான் சொல்வேன்.

மூன்றாவது, சாயத்தண்ணீர் விழுகிற வாய்க்காலின் அடிச்சேறு. இதை எல்லாரும் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள்.

நமக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு என்பதால் நேரம் பார்த்துப் போக வேண்டும். மழை பெய்தால் எல்லாம் நீர்த்துப்போகும். பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். கையுறை போட்டு, மேல்பரப்பை விலக்கி, ஒரு சாண் ஆழத்தில் சேற்றை எடுத்துக் கொதிநீரில் கழுவிய பாட்டிலில் வாய்வரை நிரப்பி மூடுங்கள். உள்ளே காற்று நிற்கக்கூடாது. அந்த இடத்தின் பிஎச், வெப்பநிலை, உப்பளவு மூன்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இடத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை.

ஊடகமும் செறிவூட்டலும்

ஊடகம் என்பது பாக்டீரியாவை வளர்க்கும் உணவுக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 3 கிராம், உப்பு 5 கிராம், பிஎச் 7. உப்பளச் சேற்றுக்கு மட்டும் உப்பை 50 கிராமாக்குங்கள். 250 மி.லி. குடுவையில் 100 மி.லி. ஊற்றி, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்குங்கள்.

ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டை விட்டுவிடாதீர்கள். துணிச் சாயங்களில் சல்போனேட் தொகுதிகள் இருப்பதால் அவை பாக்டீரியாவின் செல்சவ்வைத் தாண்டி உள்ளே போவது கடினம். வெளியே நிற்கிற சாயத்துக்கு எலக்ட்ரானைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு தூதர் வேண்டும். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டில் இருக்கும் ரிபோபிளேவின் அந்த வேலையைச் செய்கிறது. குளுக்கோஸ் மட்டும் போட்ட குடுவையில் நிறம் மெதுவாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாயத்தைத் தனியாக, லிட்டருக்கு 10 கிராம் செறிவில் கரைத்து, 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து வையுங்கள். அதில் 1 மி.லி. எடுத்து 100 மி.லி. ஊடகத்தில் விட்டால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஆகும். மெத்தில் ஆரஞ்சு அவ்வளவு கரையாது. அதற்கு லிட்டருக்கு 1 கிராம் கரைசல் செய்து 5 மி.லி. விடுங்கள், 50 மில்லிகிராம் கிடைக்கும்.

அப்புறம், 10 கிராம் சேற்றை 90 மி.லி. கிருமியற்ற உப்புநீரில் கலக்கி, மண் அடங்கியபின் மேல்நீர் 5 மி.லி.யைக் குடுவையில் விட்டு அசையாமல் வையுங்கள். இன்குபேட்டர் இல்லையென்றால் கவலை இல்லை. நம் ஊரின் 28 முதல் 32 டிகிரி அறை வெப்பமே போதும். நிறம் வெளுத்ததும் 5 மி.லி. எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றுங்கள். இப்படி நான்கைந்து தடவை மாற்றி, ஒவ்வொரு தடவையும் சாயத்தைக் கொஞ்சம் கூட்டினால், வேலை தெரிந்த கூட்டம் மட்டும் மிஞ்சும்.

பட்டறைக்குப் பயன்படுத்தத்தான் என்றால் இந்தக் கலவைக் கூட்டத்தோடு நின்றுவிடலாம். ஒற்றை இனத்தைவிடக் கூட்டம்தான் களத்தில் நிலைக்கும். ஒன்று விட்டதை இன்னொன்று எடுத்துக்கொள்ளும்.

தனி இனத்தைப் பிரிப்பது

ஆய்வேட்டுக்குத் தனி இனம் வேண்டும். பத்தின் மடங்குகளாக ஆறு முறை நீர்த்து, கடைசி மூன்று நீர்ப்புகளிலிருந்து 0.1 மி.லி. எடுத்துச் சாயம் கலந்த அகார் தட்டில் பரப்புங்கள். அகார் லிட்டருக்கு 15 கிராம். காலனியைச் சுற்றி வெளிறிய வளையம் வந்தால் அதை எடுக்கச் சொல்லிப் புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் தட்டின் மேற்பரப்பில் ஆக்சிஜன் இருக்கிறதே! நன்றாக வேலை செய்யக்கூடிய இனமும் அங்கே வளையம் காட்டாமல் போகலாம். வளையம் இல்லாத காலனிகளையும் வடிவம், நிறம் பார்த்து வகைக்கு ஒன்றாக எடுத்து, சாயம் கலந்த ஊடகம் வாய்வரை நிரப்பிய திருகுமூடிக் குழாயில் சோதியுங்கள். நல்ல இனங்கள் பல அங்கேதான் பிடிபடும்.

கிராம் சாயமேற்றலும் வழக்கமான உயிர்வேதிச் சோதனைகளும் முடிந்தபின் இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு வரிசையை வெளி ஆய்வகத்தில் எடுத்துக்கொள்ளலாம். பேசிலஸ், சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், என்டரோபாக்டர், ஷிவனெல்லா ஆகியவை அடிக்கடி வரும் பெயர்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்று வந்தால் எச்சரிக்கை தேவை. அது புண்ணில் தொற்றக்கூடியது, பட்டறைக்குக் கொண்டுபோகக் கூடாது. நல்ல இனத்தை 20 சதவீத கிளிசராலில் உறையவைத்துச் சேமியுங்கள். வேலை முடிந்த எல்லாக் குடுவையும் ஆட்டோகிளேவ் ஆனபிறகே தொட்டிக்குப் போக வேண்டும்.

அளப்பது, ஏமாறாமல் அளப்பது

0, 6, 12, 24, 48 மணியில் 2 மி.லி. எடுத்து, சென்ட்ரிபியூஜில் செல்களைப் பிரித்து, மேல்நீர் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் படியுங்கள். மெத்தில் ஆரஞ்சுக்கு 464 நானோமீட்டர், ரியாக்டிவ் பிளாக் 5-க்கு 597. அளவு 1-ஐத் தாண்டினால் நீர்த்துப் படித்து, நீர்த்த மடங்கால் பெருக்குங்கள். தொடக்க அளவு 1.20, ஒரு நாளில் 0.18 என்றால், 1.20-லிருந்து 0.18-ஐக் கழித்து, 1.20-ஆல் வகுத்து, நூறால் பெருக்கினால் 85 சதவீதம்.

இந்த 85-ஐ நம்புவதற்கு முன் சில கேள்விகள் கேட்க வேண்டும். சாயம் உடைந்ததா, செல்லில் ஒட்டிக்கொண்டதா? அடியில் தங்கிய செல்களைப் பாருங்கள். அவை நிறமேறிக் கிடந்தால் வெறும் ஒட்டல்தான். வேகவைத்துக் கொன்ற செல்களோடு ஒரு குடுவை கண்டிப்பாக வைக்க வேண்டும். பாக்டீரியா அமிலம் சுரந்து பிஎச் மாறியதால் நிறம் மாறியதா? மெத்தில் ஆரஞ்சு பிஎச் 3.1-க்குக் கீழே சிவப்பு, 4.4-க்கு மேலே மஞ்சள். படிக்குமுன் எல்லா மாதிரியையும் பிஎச் 7-க்குக் கொண்டுவாருங்கள். கதம்பைக் குழிச் சேறு என்றால் இன்னொன்றும் உண்டு. அதில் உள்ள சல்பைடு தானே அசோ பிணைப்பை அறுக்கும், பாக்டீரியா தேவையே இல்லை. இரண்டு மூன்று முறை புதுக் குடுவைக்கு மாற்றியபின் வரும் முடிவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாம் கட்டம்: காற்று

நிறம் போன ரியாக்டிவ் பிளாக் 5 குடுவையைத் திறந்து சற்றுக் குலுக்கினால் ஒரு காட்சி கிடைக்கும். தெளிந்திருந்த நீர் மேலிருந்து கீழாக மெல்லக் கருஞ்சிவப்பாக, ஊதாவாக மாறத் தொடங்கும். சாயம் திரும்பி வரவில்லை. உடைந்த துண்டுகளில் ஒன்று காற்றில் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறம் காட்டுகிறது. முதல் கட்டம் முடிந்தபோது தண்ணீருக்குள் என்னென்னவோ மிச்சம் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் குடுவையை நிமிடத்துக்கு 120 முதல் 150 சுற்று ஷேக்கரில் வையுங்கள். அல்லது மீன்தொட்டிக் காற்றுப் பம்பு போதும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. முதல் கட்டத்துப் பாக்டீரியாவே இதையும் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சல்போனேட் உள்ள அமீன்கள் லேசில் சிதையாதவை. குளத்துச் சேறு, வீட்டுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் கிடைக்கும் செயல்படு சேறு இரண்டையும் சேர்த்து, வாரக்கணக்கில் பழக்க வேண்டும். பொறுமை அதிகம் தேவைப்படுவது இங்கேதான். பல ஆய்வேடுகள் நின்றுபோவதும் இங்கேதான்.

அமீன் போனதா என்று பார்க்கப் பெரிய கருவி இல்லாத கல்லூரியிலும் வழி உண்டு. பி.எஸ்சி. வேதியியல் செய்முறையில் அமீனுக்குச் செய்கிற அதே அசோ சாயச் சோதனைதான். மெத்தில் ஆரஞ்சு குடுவையிலிருந்து தெளிந்த நீர் 5 மி.லி.யைச் சோதனைக்குழாயில் எடுத்துப் பனிக்கட்டியில் நிறுத்துங்கள். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மி.லி., புதிதாகக் கரைத்த 1 சதவீத சோடியம் நைட்ரைட் 1 மி.லி. விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்த பீட்டா நாப்தால் 2 மி.லி.யில் இதைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அமீன் இருந்தால் விழுகிற சொட்டைச் சுற்றி ஆரஞ்சு நிறம் எழும்பிக் குழாய் முழுக்கப் பரவும். மெத்தில் ஆரஞ்சு உடைந்து வந்த சல்பனிலிக் அமிலம் நாப்தாலோடு சேர்ந்து மறுபடி ஒரு துணிச் சாயமாகவே ஆகிவிட்டது! காற்றூட்டிய நாட்களில் தினமும் இதைச் செய்தால் ஆரஞ்சு வெளிறிக்கொண்டே வர வேண்டும். சாயம் சேர்க்காத ஊடகம் ஒரு குழாயிலும், நைட்ரைட் சேர்க்காத மாதிரி ஒரு குழாயிலும் ஒப்புக்கு வையுங்கள். காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்ய வேண்டிய சோதனை இது.

அதோடு பாசிப்பயறு முளைவிடும் சோதனையும் செய்யலாம். நல்ல தண்ணீர், மூலச் சாயத்தண்ணீர், முதல் கட்டத்து நீர், இரண்டாம் கட்டத்து நீர் என நான்கு தட்டு. முளைத்த எண்ணிக்கையையும் வேர் நீளத்தையும் அளக்க வேண்டும். உப்பே முளையைத் தடுக்கும் என்பதால் நான்கிலும் உப்பும் பிஎச்சும் ஒரே அளவில் இருப்பது முக்கியம்.

டிரம்முக்கு மாற்றுவது

200 லிட்டர் நீல டிரம் மூன்று, சிறு பம்பு ஒன்று, காற்றுப் பம்பு ஒன்று. முதல் டிரம்மில் தென்னை நாரை நிரப்புங்கள்; பாக்டீரியா பிடித்து வளர நல்ல இடம், நமக்கு எளிதில் கிடைப்பதும்கூட. ஆனால் புதுநாரிலிருந்து பழுப்பு இறங்கும். தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, நிறம் இறங்குவது நின்றபிறகே போட வேண்டும்.

பட்டறையிலிருந்து வரும் தண்ணீரை நேராக விடக்கூடாது. சோடா ஆஷ் போட்ட சாயத்தண்ணீரின் பிஎச் 10, 11 இருக்கும். அசிட்டிக் அமிலம் விட்டு 7.5-க்கு இறக்குங்கள், அதிலிருந்து உண்டாகும் அசிட்டேட் பாக்டீரியாவுக்கு உணவாகவும் ஆகிவிடும். பிளீச்சிங் பவுடரோ பெராக்சைடோ கலந்த நீரைத் தனியே பிரித்துவிடுங்கள். அது ஒரு வாளி உள்ளே போனாலும் மாதக்கணக்கில் வளர்த்த கூட்டம் செத்துப்போகும்.

உணவுக்குக் கஞ்சித்தண்ணீர் போதும். பாவுக்குப் போட்ட கஞ்சியைக் கழுவிய நீர் பட்டறையிலேயே இருந்தால் அதையே கலந்துவிடலாம், அதுவும் கழிவுதானே. நைட்ரஜனுக்குக் கொஞ்சம் யூரியா.

செறிவூட்டிய கூட்டம் 20 லிட்டர் வளர்த்து நாரின்மேல் ஊற்றி ஒரு வாரம் அப்படியே விடுங்கள். முதலில் அலசல் நீரை, அதுவும் நீர்த்து, கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள். நார் போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கிற டிரம்மில் மணிக்கு 6 லிட்டர் விட்டால் ஏறக்குறைய ஒரு நாள் உள்ளே தங்கும். கீழிருந்து மேலாக ஏற்றுங்கள். வெளியே வருவது இரண்டாவது டிரம்மில் காற்றோடு இரண்டு நாளாவது நிற்கட்டும். இரண்டு நாள் தண்ணீருக்கு ஒரு டிரம் போதாது, அதற்காகத்தான் மூன்றாவது டிரம். பிறகு அடங்கவிட்டு மணலில் வடியுங்கள்.

முதல் டிரம்மில் முட்டை வாடை அடித்தால் உப்பு எது என்று பாருங்கள். சாயத்துக்குச் சோடியம் சல்பேட் போட்டிருந்தால் அதைக் காற்றில்லாப் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். மூடிய இடத்தில் அது உயிரைப் பறிக்கும் வாயு. டிரம்முகளைத் திறந்த வெளியில் வையுங்கள், உள்ளே தலையை விட்டுப் பார்க்காதீர்கள். சாதாரண உப்புப் போடுகிற பட்டறைக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

வெளியே விடுமுன்

பாக்டீரியா உப்பை எடுக்காது. எவ்வளவு தெளிந்து வந்தாலும் உள்ளே போன உப்பு முழுக்க வெளியே வரும். அதை வயலிலோ தென்னைக்கோ விட்டால் மண் கெட்டுவிடும். சாயத்தொட்டியில் மிஞ்சும் நீரையும் அலசல் நீரையும் தனித்தனியாகப் பிடித்தால் பாதிக் கவலை குறையும். உப்பு மிகுந்த தொட்டி நீரைச் சுத்திகரித்தபின் அடுத்த சாயத்துக்கே திரும்பப் பயன்படுத்திப் பார்க்கலாம். உப்பு வாங்கும் செலவும் குறையும். உப்பு குறைந்த அலசல் நீர் மறுபடி அலச உதவும்.

மிஞ்சும் நீரைச் சோதனைக்கு அனுப்பி பிஎச், பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்), சிஓடி (வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), கரைந்த உப்பின் மொத்த அளவு நான்கையும் கேளுங்கள். துணி ஆலைக் கழிவுக்குப் பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராமும் சிஓடி 250-உம் தாண்டக்கூடாது. அளவு சிறியதாக இருந்தாலும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் எந்த ஓடையிலும் விட முடியாது.

டிரம்மின் அடியில் சேரும் சேற்றைக் காயவைத்து மூடிய சாக்கில் கட்டி, வாரியம் சொல்கிற இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அதில் சாயத்தின் உலோகங்கள் தங்கியிருக்கலாம். உரம் என்று நினைத்து வாழைக்குப் போட்டுவிடாதீர்கள்.